வெடிமருந்துக் கிடங்கில் பால் காய்ச்சியவர்கள்

எல்லையோரச் சிற்றூர் ஒன்றின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை அந்த ஊருக்குப் போகாமலே எழுதிவிடலாம். எப்படி என்று சொல்லித் தருகிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும். முதலில் ஊரை நிறுவிய குடும்பம். பக்தியும் உழைப்பும் நிறைந்தது. அடுத்து, தெற்கேயிருந்து வந்த கலகக்காரரை ஊர்ப்படை விரட்டியடித்த ஒரு பிற்பகல். பிறகு கடத்தல்காரரின் சுரங்கம். அதை ஒருவரும் கண்டதில்லை, ஆனால் எல்லாருடைய கொள்ளுப்பாட்டனாரும் அதற்குள் ஒருமுறையாவது விழுந்திருக்கிறார். கடைசியில் ஒரு பீரங்கி. பீரங்கி இல்லாத ஊர் எங்கேயாவது ஒன்றை வாங்கி வைக்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர் இங்கே பிறந்து பிரெஞ்சில் கனவு காண்பவர்கள். சிலர் சென்னையிலிருந்து வந்து, மொன்றியலில் படித்து முடித்து, குளிருக்குச் சரியான சப்பாத்து எதுவென்று இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். எல்லாருக்கும் வேலை ஒன்றுதான். யாராவது ஒரு நிலத்தைத் தோண்டுவதற்கு முன், அங்கே முன்பு என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, தோண்டலாம், தோண்டக்கூடாது, கவனித்துத் தோண்டலாம் என்ற மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்திடவேண்டும். எப்படி என்பது கைந்நூலில் இருக்கிறது. அதில் சில பக்கங்களை எழுதியவன் நான் என்பதால், அதை அளவுக்கு மீறி நம்பவேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மொன்றியலிலிருந்து தெற்கே போனால், அமெரிக்க எல்லைக்கு முந்திய கடைசி ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம், அவர்களுக்கு உல்லாசப் பயணிகள் தேவை. ஊரின் வடக்கு ஓரத்தில், மண்மேட்டுக்குள் பாதி புதைந்தபடி ஒரு சிறிய கற்கட்டடம். முன்னால் பீரங்கி. 'பழைய வெடிமருந்துக் கிடங்கு' என்று பலகை. ஊராட்சி அதை விற்றிருந்தது. வாங்கியவர் அதைக் கோப்பிக் கடையாக மாற்றவேண்டும், அடுத்த கோடைக்குள் திறக்கவேண்டும், திறக்காவிட்டால் கட்டடம் ஊராட்சிக்கே திரும்பிவிடும் என்பது நிபந்தனை. பின்பக்கம் கழிவுநீர்க் குழாய் போடவேண்டும். அதற்குத்தான் என் கையெழுத்து.

வாங்கியவர் பெயர் குகன். யாழ்ப்பாணத்து ஆள். டோர்வலில் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டு, ரொக்ஸ்பரோவில் இருந்த வீட்டை விற்று, இந்த ஊருக்கு வந்து ஒரு டெப்பனர், அதாவது சின்ன மூலைக்கடை, எடுத்திருந்தார். பால், பியர், லொத்தர்ச் சீட்டு, எல்லைக் காவலருக்குக் கோப்பி. கடைக்கும் அந்தக் கற்கட்டடத்துக்கும் இடையில் ஒரு வெறும் வளவு மட்டும்.

என் பெயரைக் கேட்டதும் மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"வாங்கோ அண்ணை, வாங்கோ! வெள்ளைக்காரன் ஆராவது வந்து இழுத்தடிக்கப்போறான் எண்டு பயந்துகொண்டிருந்தனான். ரஞ்சி, ஆர் வந்திருக்கினம் எண்டு பாரும்!"

மனைவி ரஞ்சி தட்டில் வடையோடு வந்தார். என்னைக் கடைக்குள் இருத்தவில்லை, நேரே கற்கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அதுதான் வீடு.

"போன கிழமைதான் பால் காய்ச்சினனாங்கள்," என்றார் ரஞ்சி. "நல்லாப் பொங்கி, கிழக்குப் பக்கமா வழிஞ்சது."

உள்ளே இருட்டும் குளிரும். இரண்டு சுவர்களை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் கல்மேடை. ஒரு மேடையில் பிள்ளையார் படம், குத்துவிளக்கு, மஞ்சள் பூசிய பால்பானை. மற்ற மேடையில் என் வடைத் தட்டு. தட்டு வைக்க வசதியாக இருக்கிறதே என்று நினைத்தபோதுதான் மேடையின் அளவைக் கவனித்தேன். ஒரு மனிதன் கால் நீட்டிப் படுக்கும் நீளம். தோள் அகலம்.

நான் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கப் போனேன்.

அது எனக்குப் பழக்கமாகிவிட்ட வேலை. என்னுடைய முதல் மேலதிகாரி, எப்போதும் கோபமாகவே இருந்த ஒரு கிழட்டு மனிதர், ஒரு கட்டடத்துக்குள் போனால் வேறெதையும் பார்க்கமாட்டார். "பலகையில் எழுதியதை விட்டுத்தள்ளு. கதவு யாரை வெளியே நிறுத்தக் கட்டியது என்று பார்," என்பார். அவரிடம் நான் கற்ற ஒரே பயனுள்ள விடயம் அதுதான். மற்றபடி அவர் எனக்குத் தந்தது வயிற்றுப்புண்.

வெடிமருந்து வைக்கிற அறையில் இரும்பு இருக்காது. ஆணி உரசிப் பொறி பறந்தால் கட்டடமே பறந்துவிடும். அதனால் செம்பு வைப்பார்கள், இல்லையென்றால் மரம். இந்தக் கதவின் வெளிப்பக்கம் முழுக்க இரும்புத் தகடு. கீல் இரும்பு, தாழ் இரும்பு, காற்றுத் துவாரத்திலும் இரும்புக் கம்பி. கம்பிகளில் நெம்பிய தழும்புகள். யாரோ வெளியிலிருந்து உள்ளே வர முயன்றிருக்கிறார்கள். அன்றைய கல்தச்சர்களில் பலவிதமான ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இரும்புப் பெட்டிக்குள் வெடிமருந்தை வைக்கிற முட்டாள் யாரும் நீண்ட நாள் தொழில் செய்திருக்கமாட்டான்.

இந்த நாட்டில் பழைய ஊர்களை அறிந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். குளிர்காலத்தில் நிலம் கல்லாகிவிடும், அன்று அதில் மண்வெட்டி இறங்காது. அதனால் மார்கழியில் செத்தவரும் மாசியில் செத்தவரும் ஒரு குளிர்ந்த கல் அறையில் வசந்தம் வரும்வரை காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மருத்துவம் படித்த இளைஞர்களுக்கு அறுத்துப் பழக உடல்கள் போதவில்லை. மொன்றியலிலிருந்தும் எல்லைக்குத் தெற்கேயிருந்தும் பிணம் திருடப் பனிவண்டிகள் வரும். கதவுக்கு இரும்பு அடித்தது அவர்களுக்காக.

வசந்தம் வந்ததும் உறவினர் வந்து தங்கள் பிணங்களைக் கேட்டு வாங்கிப் புதைப்பார்கள். கேட்க ஆளில்லாதவர்களும் இருந்தார்கள். கப்பலில் காய்ச்சலோடு வந்து தெற்கே நடந்தவர்கள். அடிமைத்தளையிலிருந்து ஓடி வடக்கே நடந்தவர்கள். செத்தால் அடக்கச் செலவு நம் தலையில் விழும் என்று இந்தப் பக்கத்து ஊர் அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து ஊர் இந்தப் பக்கமும் தள்ளிவிட்ட ஏழைகள். எல்லை என்பது அவர்களுக்கு நடந்து நடந்து திரும்புகிற ஒரு இடம். அவர்களைப் புதைக்க ஒருவரும் தூரம் போயிருக்கமாட்டார்கள். அறைக்குப் பின்னால், மேட்டுச் சரிவில், மண் இளகிய முதல் இடத்தில். அதாவது குகனுடைய கழிவுநீர்க் குழாய் போகவேண்டிய இடத்தில்.

இதெல்லாம் என் ஊகம். ஊகத்தை வைத்து ஒரு வேலையை நிறுத்த முடியாது. கைந்நூலில் அதுவும் இருக்கிறது.

அந்த நேரம் மேயர் வந்தார். நல்ல பெண்மணி, கெட்டவர்களோடு வேலை செய்வது இதைவிடச் சுலபம். கையில் ஊரின் வரலாற்றுக் கையேடு. எழுதியவரும் அவரே.

"பொன்ஜூர், மிஸ்யூ! தரை இறுகுவதற்குள் முடித்துவிடுவீர்கள் அல்லவா? நாளைக் காலை தோண்டுவதற்குப் பெக்கோ இயந்திரம் வருகிறது. இந்தக் குடும்பத்துக்கு எங்கள் ஊர் ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை."

"கதவில் ஏன் இவ்வளவு இரும்பு, மடாம்?"

"அமெரிக்கர்கள்," என்றார், ஒரு கணமும் யோசிக்காமல்.

அவர் போன பிறகு குகன் என்னைத் தனியாகப் பிடித்தார். முகம் மாறியிருந்தது. நான் கதவைத் தடவிய விதத்தைப் பார்த்திருக்கிறார்.

"என்ன அண்ணை பிரச்சினை?"

"ஒரு சந்தேகம், தம்பி. பின்னால ஆக்களைத் தாட்டிருக்கலாம்."

"எந்தக் காலத்தில?"

"நூறு வரியத்துக்கும் மேல."

அவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்தில தோண்டினா எங்கதான் எலும்பில்லை? அண்ணை, இந்தக் குளிருக்கு முன்னம் குழாய் போடாட்டி கோடைக்குத் திறக்கேலாது. திறக்காட்டி இது போச்சு. வீட்டையும் வித்திட்டம். பேந்து அறுபது வயசில டோர்வலுக்குப் போய் பெட்டி தூக்கவோ?"

"எனக்கு விளங்குது."

"விளங்கினா எழுதுங்கோ. நீங்கள் நிண்டு பாக்க, பெக்கோ தோண்டட்டும். உங்கட சட்டத்திலயே அப்பிடி இருக்காம், மேயரம்மா சொன்னவ."

மேயர் சொன்னது சரி. 'கவனித்துத் தோண்டலாம்.' இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 'தோண்டலாம்' என்று எழுதினால் அது சோம்பேறித்தனம், பின்னால் யாரும் பிடித்துக்கொள்ளலாம். 'கவனித்துத் தோண்டலாம்' என்பது பொறுப்பான வசனம். அதை எழுதியவனை எல்லாரும் பாராட்டுவார்கள். ஆனால் பெட்டியில்லாமல் புதைத்த உடல் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு என்னவாகும் தெரியுமா? கபில நிறத்தில் ஒரு கறை, அதற்குள் பிஸ்கற் போல நொறுங்கும் எலும்பு. பெக்கோவின் வாளி ஒரே அள்ளலில் அதை மண்ணாக்கிவிடும். நான் குழியின் கரையில் தலைக்கவசத்தோடு நின்று, கண்ணைத் திறந்துகொண்டே, ஒன்றையும் காணாமல், 'ஒன்றும் காணப்படவில்லை' என்று எழுதியிருப்பேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது. பொய் சொல்லாமலே ஒன்றை அழிக்க எங்கள் தொழிலில் இதைவிட நல்ல வழி கிடையாது.

மற்ற வழி கையால் தோண்டுவது. ஆற அமர, கரண்டியாலும் தூரிகையாலும். தரை இறுகிக்கொண்டிருக்கிற வாரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குழாய் அடுத்த வசந்தத்துக்கு. குகனுக்கு இந்தக் கட்டடம் இல்லை.

நான் உள்ளே திரும்பிப் போனபோது ரஞ்சி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அண்ணை, இந்த மேடை என்னத்துக்கு?"

நான் நிச்சயம் தெரியாததைச் சொல்லாதவன். அது என் பெருமை. 'ஆய்வு முடிந்த பிறகே கூறமுடியும்' என்ற வசனம் நாக்கு நுனியில் இருந்தது. நிபுணர்களுக்கென்றே செய்யப்பட்ட வசனம் அது. அதற்குப் பின்னால் ஒரு யானையை ஒளித்துவைக்கலாம். ஆனால் அவர் அந்த மேடையில் சாமிப்படம் வைத்திருந்தார்.

"பிரேதம் கிடத்த, தங்கச்சி. எண்டுதான் நினைக்கிறன்."

வாசலில் நின்ற குகன் வெடித்தார்.

"நினைக்கிறியளோ? நினைச்சதை எல்லாம் பொம்பிளைக்குச் சொல்லிப் பயப்படுத்திறதோ? தமிழாள் வந்திருக்கிறார் எண்டு வடை சுட்டுத் தந்தம் பாருங்கோ, எங்களைச் சொல்லவேணும்!"

"கத்தாதையுங்கோ," என்றார் ரஞ்சி. பிள்ளையார் படத்தை எடுத்துச் சேலைத்தலைப்பால் மூடினார். "அண்ணை, பின்னால இருக்கினமோ?"

"தோண்டினால்தான் தெரியும். கையால தோண்டவேணும்."

"அப்ப தோண்டுங்கோ."

"உமக்கு விசரோ?" என்றார் குகன்.

"பால் காய்ச்சின வீடு. கீழ ஆர் கிடக்கினம் எண்டு தெரியாமல் அதுக்கு மேல கக்கூசுக் குழாய் விடப்போறியளோ?"

எனக்காக ரஞ்சி தீர்மானித்தார் என்று நினைக்கவேண்டாம். என் தாளில் 'கையால் தோண்டவேண்டும்' என்று நான் எழுதியபோது பேனா என் கையில்தான் இருந்தது. மாலையில் அலுவலகத்திலிருந்து என் முதலாளி கூப்பிட்டு, ஒரு கோப்பிக் கடைக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். பெக்கோக்காரன் மறுநாள் வந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

முதலில் வெள்ளையாக ஒரு படை வந்தது. சுண்ணாம்பு. ஊர் அவர்களுக்குச் செய்த ஒரே செலவு அதுவாகத்தான் இருக்கவேண்டும், அதுவும் மணத்துக்குப் பயந்து. அதற்குக் கீழே ஒருவர்மேல் ஒருவர். பெரியவர்கள் எப்படிக் கிடந்தார்கள் என்பதை என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம். ஒரு பெரிய எலும்புக்கூட்டின் கை வளைவுக்குள் ஒரு சிறியது இருந்தது. புதைத்தவர்கள் அப்படி வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விறைத்துப்போனதைப் பிரிக்க முடியாமல் அப்படியே போட்டிருப்பார்கள்.

குகன் கடை வாசலிலிருந்து வந்து குழியின் கரையில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கடைக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடைமுறை, அதில் எனக்கு நிகரான ஆள் இல்லை. பொலிஸ் வந்தது. மரண விசாரணை அதிகாரி பார்த்து, பழையவை, என் வேலை இல்லை என்றார். எலும்புகளைப் பெட்டிகளில் எடுத்தோம். மொன்றியலில் ஆய்வுகூடம் அனுமதி இல்லாமல் ஏற்காது. அனுமதி தருகிற அலுவலகம் ஆய்வுகூடத்தின் ஒப்புதல் இல்லாமல் தராது. தேவாலயத்தின் நிலவறையில் சூடு அதிகம், எலும்புக்கு ஆகாது. ஊராட்சிக் கராஜில் வேலைசெய்வோர் சம்மதிக்கவில்லை. இதற்குள் தரை கல்லாகிவிட்டது, திருப்பிப் புதைக்கவும் முடியாது. பூட்டக்கூடிய, சூடில்லாத, காற்றோட்டமுள்ள கட்டடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. நீண்ட கடிதப் போக்குவரத்தின் முடிவில், எல்லாத் திணைக்களங்களும் சேர்ந்து, அந்த ஊரின் பிணங்களை வசந்தம்வரை எங்கே வைப்பது என்று தீர்மானித்தன. பிண அறையில்.

குகனிடம் சாவியைக் கேட்க நான்தான் போனேன். மறுப்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கல்லாவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"வையுங்கோ. சாவி என்னட்டையே இருக்கட்டும்."

ஜனவரி நடுவில் பெட்டிகளைப் பார்வையிடப் போனேன். ஊரே பனிக்குள் மூடிக் கிடந்தது. ஆனால் கடையிலிருந்து கற்கட்டடத்தின் கதவுவரை ஒரு பாதை, வீட்டு வாசல் போல, சுத்தமாக வழிக்கப்பட்டிருந்தது. கடைக்குள் போனேன். ரஞ்சி எழுந்தார், ஆனால் கேத்திலை நோக்கிப் போகவில்லை.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. தேத்தண்ணி தரேலாது. துடக்கு வீடு."

"ஐயோ, ஆர் தவறினது?"

அவர் கண்ணால் வளவின் மறுபக்கத்தைக் காட்டினார்.

நான் படித்தவன். திருத்தப் பார்த்தேன். "தங்கச்சி, செத்தவீட்டுத் துடக்கு எண்டா உரித்துக்காரருக்கு. அவை ஆரெண்டே தெரியாது. வேற சமயம், வேற சாதி சனம்…"

"பால் காய்ச்சினது ஆர்? நாங்கள். அப்ப ஆரின்ர வீட்டில கிடக்கினம்?"

"ஓம், ஆனால்…"

"பிரேதம் வீட்டில கிடக்கேக்க துடக்கு எப்பிடி அண்ணை கழியும்?"

குகன் லொத்தர்ச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கோயிலுக்குப் போய் ரெண்டு மாசமாகுது. போன கிழமை கர்க்லாண்டில அக்கான்ர மகளின்ர கலியாணம், அதுக்கும் போகேல்லை. உண்மையைச் சொன்னாச் சிரிப்பினம். சளிக்காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டன். அக்கா இப்ப என்னோட கதைக்கிறேல்லை."

வசந்தத்தில் அனுமதி வந்தது. ஆய்வுகூடம் எடுத்துப் பார்த்து, பெரும்பாலும் பசியும் குளிரும் என்று திருப்பி அனுப்பியது. ஊர் மயானத்தின் ஓரத்தில் இடம் ஒதுக்கினார்கள். இறந்தவர்கள் எந்தச் சபை என்று தெரியாததால் இரண்டு குருமாரும் வந்தார்கள். சரியாகச் சொன்னால், முதலில் இருவரும் மறுத்து, மற்றவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். மேயர் வந்தார், புகைப்படக்காரரோடு.

பெட்டிகள் கட்டடத்தை விட்டு வெளிக்கிட்டபோது ரஞ்சி சுடலைக்கு வரவில்லை. எங்கள் பெண்கள் போவதில்லை. வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, கல்மேடைகளையும் தரையையும் கதவையும் கழுவத் தொடங்கினார். சில வாரங்களில் ஊராட்சிக்குத் திரும்பப்போகிற கட்டடம். மூலை முடுக்கெல்லாம் கழுவினார்.

குழிக்கரையில் வயதான பாதிரியார், பழக்கதோஷத்தில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "குடும்பத்தார் முன்னே வரலாம்."

பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. மேயர் தன் சப்பாத்தைப் பார்த்தார். குகன் கூட்டத்தின் பின்னாலிருந்து நடந்து வந்து, குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்.

கோடையில் ஊராட்சி கட்டடத்தை எடுத்துக்கொண்டது. பீரங்கியை அகற்றிவிட்டார்கள், வெடிமருந்தைவிடப் பிணங்களுக்குப் பயணிகள் அதிகம் வருகிறார்கள். புதிய பலகையில், இவ்வூரார் அந்நியரையும் அன்போடு அடக்கம் செய்தனர் என்று எழுதியிருக்கிறது. வாசகத்தைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். நான் அந்த வரியை வெட்டி அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு அப்படியே அச்சிட்டார்கள்.

உங்களில் யாராவது ஒருநாள் குழிக்கரையில் நின்று 'கவனித்துத் தோண்டலாம்' என்று எழுதப்போவீர்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். எழுதுவதற்கு முன், நான் நின்று பார்த்தால் உண்மையில் ஏதாவது தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் வேறு வசனம் எழுதுங்கள். அதற்காக யாரும் உங்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. யாரோ ஒருவர் தன் கட்டடத்தை இழப்பார், அவர் நல்லவராகவும் இருப்பார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். கடை இருந்தது. ரஞ்சி தேநீர் தந்தார். குகன் மீண்டும் டோர்வலில் வேலை எடுத்திருந்தார், வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"தம்பி, என்னில கோபமோ?"

"இருந்தது." யன்னலால் எல்லைப் பக்கத்துப் பற்றைகளைக் காட்டினார். "நான் உதுக்குள்ளால நடந்து வந்தனான், அண்ணை. எயார்போட்டில பிடிபடுவன் எண்டு ஏஜென்சிக்காரன் உந்தப் பக்கமாக் கொண்டுவந்து விட்டவன். காலில கன்வஸ் சப்பாத்து. நவம்பர் மாதம், முதல் ஸ்நோ கொட்டேல்லை."

வாசல் மணி ஒலித்தது. சீருடையில் ஓர் எல்லைக் காவலர்.

"ஜனவரியில விட்டிருந்தான் எண்டா," என்றார் குகன், கோப்பிக் கிண்ணத்தை எடுத்தபடியே, "எனக்கு மண் போட ஆர் வந்திருப்பினம் எண்டு அண்டைக்கு அந்தக் குழியைப் பாத்துக்கொண்டு யோசிச்சனான்."

காவலருக்குப் பாலும் சீனியும் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருந்தது.